பதினேழாமவன்

வானத்துக்குக் கீழே இதுவரை பிறந்தவர்களில் ஆகப் பெரியவன் கெங் பாவ். அவன் ஏப்பம் விட்டால் ஹுவாய் ஆறு கிழக்கே ஓடுவதை நிறுத்திவிட்டு, என்ன சத்தம் என்று மேற்கே திரும்பிப் பார்க்கும். அவன் குந்தி எழுந்த பள்ளத்தில்தான் லுவோயாங் நகரத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். பேரரசி பெண்ணாகப் பிறந்து அரியணை ஏறினாள், பழைய வம்சத்தின் பெயரை அழித்துப் புதுப் பெயர் வைத்தாள், மக்கள் எழுதும் எழுத்தையே மாற்றினாள், எல்லாம் சரிதான். ஆனால் அவளுக்குப் படை இருந்தது, பிக்குகள் இருந்தார்கள், செப்புப் பெட்டி இருந்தது. பாவுக்கு இருந்தது ஒரே ஒரு வயிறு. அந்த வயிற்றை மட்டும் வைத்துக்கொண்டு அவளுடைய நீதிமன்றத்தை முழி பிதுங்க வைத்தவன் அவன். ஒரே வழக்கில் அரசாங்கத்திடம் பரிசும் வாங்கி அடியும் வாங்கியவன் இந்த நாட்டில் வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

பாவ் நாணல்துறைக்கு வந்தது வெள்ளத்தில். மேலே எங்கோ கரை உடைந்த வருஷம், பன்றிக்குத் தண்ணீர் வைக்கும் மரத்தொட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்து வந்தான். ஊரும் உறவும் வீடும் அதற்குள் தண்ணீரில் போயிருந்தன. துறையில் நின்றிருந்த ஷென் வீட்டுக் கிழவர் ஒருவர் கொக்கியை வீசி இழுத்தார். கரையில் போட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "சே, பன்னின்னுல்ல நினைச்சேன்."

அந்தக் கிழவருக்கு மகன் இல்லை. லிங் என்று ஒரே மகள். அவளுக்கு வீட்டோடு மாப்பிள்ளை தேடி அலுத்திருந்தார். மானமுள்ள எந்தக் குடும்பம் மகனை அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பும்? மிதந்து வந்தவனுக்கு மானம் பார்க்க ஆள் இல்லை. ஈரம் காய்வதற்குள் கல்யாணம் முடிந்தது.

நாணல்துறையில் பாதி ஊர் ஷென் வம்சம். அங்கே ஆண்களுக்குப் பெயர் உண்டு, ஆனால் யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு தலைமுறையின் அண்ணன் தம்பி, பெரியப்பா மகன், சித்தப்பா மகன் எல்லோரையும் சேர்த்துப் பிறந்த வரிசையில் எண்ணி, அந்த எண்ணாலேயே கூப்பிடுவார்கள். ஒன்றாமவர் எல்லோருக்கும் பெரியவர். அவரை மட்டும் பெரியவர் என்றே சொல்வார்கள். அவருக்குக் கீழே மூன்றாமவன், ஏழாமவன் என்று இறங்கி, கடைசியில் பதினாறாமவன். ஷென் வம்சம் பதினாறோடு நின்றது.

புதுவருஷத்தன்று வம்சத்துக்கூடத்தில் மூலிகை மது குடிப்பார்கள். அதில் ஒரு முறை உண்டு. இளையவன் முதலில் குடிக்க வேண்டும். அவனுக்கு ஒரு வயது கூடியிருக்கிறது, சந்தோஷம். பெரியவர் கடைசியில் குடிப்பார். அவருக்கு ஒரு வயது குறைந்திருக்கிறது, அவசரம் இல்லை. கிண்ணம் பதினாறில் தொடங்கி ஒன்றில் முடியும். பாவ் எங்கே நிற்பான்? ஜாடிக்குப் பக்கத்தில். ஊற்றிக் கொடுக்கிறவன் அவன்.

"ஏ தொட்டி, உனக்கும் உண்டு. எல்லாரும் குடிச்சப்புறம் ஜாடியை நக்கிக்க" என்பான் பதினாறாமவன். கூடம் சிரிக்கும். பாவும் சிரிப்பான். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? எப்போதுமே அவன் பெயர் தொட்டிதான். மரியாதை தேவைப்படும் இடத்தில், "ஏ மாப்பிள்ளை."

ஒரு மழை நாளில் லிங் இறால் கூடு முடைந்துகொண்டிருந்தாள். பாவ் மூங்கில் பிளாச்சு சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஒன்னு சொல்வேன். சிரிக்கக் கூடாது" என்றான்.

"சிரிக்கிற மாதிரி இருந்தா சிரிப்பேன்."

"மனசுக்குள்ள நான் என்னைப் பதினேழுன்னு கூப்பிட்டுக்கறேன்."

லிங் சிரிக்கவில்லை. கையில் இருந்த கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெளியில சொல்லிடாதே. பதினாறு காதுல விழுந்துச்சுன்னா ஆத்துல குதிச்சுச் சிரிப்பான்."

"நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன்? பிளாச்சைக் குடு" என்றாள்.

அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே கால்களை உதைத்து வழுக்கிக்கொண்டு வந்ததால் குட்டிமீன் என்று கூப்பிட்டார்கள். பெண்குழந்தை என்பதால் அவளையும் வம்சம் எண்ணவில்லை. அப்பனும் மகளும் ஜாடிக்குப் பக்கத்தில் ஒன்றாக நின்றார்கள்.

பிறகு பேரரசி கருணை காட்டிய வருஷம் வந்தது.

அவளுக்குப் புத்தர்மேல் பக்தி. தன் ஆட்சியில் எந்த உயிரும் கொல்லப்படக் கூடாது என்று ஆணையிட்டாள். ஆடு, பன்றி, கோழி எதையும் அறுக்கக் கூடாது. மீன் பிடிக்கக் கூடாது. இறால் பிடிக்கக் கூடாது. நகரத்துப் பெரிய மனிதர்கள் நெய்யும் பருப்பும் தின்று புண்ணியம் சேர்த்தார்கள். நாணல்துறைக்கு ஆற்றை விட்டால் தினை வயல்தான். அந்த வருஷம் பார்த்து மழை தப்பி, தினை வயலிலேயே தாளாகிக் காய்ந்தது.

ஆறு மட்டும் நிறைந்து கிடந்தது. பிடிப்பார் இல்லாமல் மீன்கள் கொழுத்தன. பயமும் விட்டுப்போயிற்று. காலைத் தண்ணீரில் வைத்தால் கூட்டமாக வந்து விரலைக் கொறித்துப் பார்த்தன. ஊர் கரையில் உட்கார்ந்து மீனைப் பார்த்தது, மீன் தண்ணீரில் நின்று ஊரைப் பார்த்தது. இரண்டில் எது எதைத் தின்னப்போகிறது என்பது நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டு வந்தது. ஏழாமவன் பொறுக்க முடியாமல் ஒரு கெண்டையைப் பிடித்தான். மாவட்ட அதிகாரியின் ஆட்கள் வந்து, கெண்டையை மரியாதையாக ஆற்றில் விட்டுவிட்டு, அவன் வலது கையைப் படகு விளிம்பில் வைத்து உடைத்தார்கள்.

மரப்பட்டையை இடித்துக் கஞ்சி வைத்தார்கள். குட்டிமீன் அதைக் குடித்துவிட்டு வயிறு வீங்கி உட்கார்ந்திருந்தாள். அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் துறையைக் கடக்க வந்த உப்பு வியாபாரி ஒருவன், படகு வரும்வரை வாய் சும்மா இராமல் செப்புப் பெட்டியைப் பற்றிச் சொன்னான். லுவோயாங்கில் அரண்மனை வாசலில் பேரரசி ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். அதற்கு நாலு வாய். திறமை உள்ளவன் தன்னைப் பற்றி எழுதிப் போட ஒரு வாய், ஆட்சியில் குறை சொல்ல ஒரு வாய், அநியாயம் நடந்தவன் அழ ஒரு வாய், ரகசியம் சொல்ல ஒரு வாய்.

"முதல் மூணு வாயிலயும் சிலந்தி கூடு கட்டியிருக்கு. நாலாவது வாய்தான் தேய்ஞ்சு பளபளன்னு இருக்கு" என்றான் வியாபாரி. "எழுதப் படிக்கத் தெரியாதவனா இருந்தாலும் பரவாயில்லை. மாவட்ட அதிகாரிகிட்டப் போய் 'என்கிட்ட ரகசியம் இருக்கு'ன்னு சொன்னாப் போதும். என்ன ரகசியம்னு அவர் கேக்கக் கூடாது. கேட்டா அவர் தலை போயிரும். குதிரை குடுத்து லுவோயாங்குக்கு அனுப்பணும். வழியெல்லாம் ஐந்தாம் தர அதிகாரிக்கு என்ன சாப்பாடோ அந்தச் சாப்பாடு."

"சொன்னது பொய்யா இருந்தா?" என்று கேட்டார் பெரியவர்.

"சொன்னவனுக்கு ஒன்னும் ஆகாது. பேர் அடிபட்டவனுக்குத்தான் ஆகும்."

அவ்வளவு நீளப் பேச்சில் பாவின் காதில் ஏறியது ஒரே வார்த்தை. சாப்பாடு.

அவன் திட்டம் எளிமையானது. ரகசியம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியது. முதல் சத்திரத்தில் போடுவதைச் சட்டைக் கைக்குள் திணித்துக்கொள்ள வேண்டியது. ரகசியம் மறந்துபோய்விட்டது என்று வீட்டுக்குத் திரும்ப வேண்டியது. மறுநாள் காலையில் லிங்கிடம், "கீரை ஏதாச்சும் இருக்கான்னு பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். குட்டிமீன் கையை நீட்டினாள். கன்னத்தைக் கிள்ளப் பார்த்தான். கிள்ளக் கன்னம் இல்லை.

மாவட்ட அதிகாரி, அதாவது ஏழாமவன் கையை உடைக்கச் சொன்ன அதே மனிதர், பாவின் வார்த்தையைக் கேட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்தார். தன்னைப் பற்றித்தான் சொல்லப் போகிறானோ? கேட்கவும் முடியாது.

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்றார்.

"ஆமாங்க" என்றான் பாவ்.

"வெயில்ல சில சமயம், கீழே இருக்கறவங்க நம்மகிட்டக் கேக்காமலே யார் கையையாவது உடைச்சுடறாங்க."

"உடைச்சுடறாங்க."

"குதிரை மெதுவா போறதா, வேகமா போறதா, எது உங்களுக்கு வேணும்?" என்றார் அதிகாரி. நேற்றுவரை பாவை நாய் என்று கூப்பிடக்கூட மறந்திருந்தவர்.

முதல் சத்திரத்தில் வெள்ளைச் சோறு வந்தது. தேன் தடவிய பணியாரம், எள் தூவிய ரொட்டி, ஊறவைத்த தாமரைக்கிழங்கு, அரிசி மது. ஐந்தாம் தரத்துக்கு ஆட்டுக்கறி உண்டு என்று விதி. கொல்லக் கூடாது என்றும் விதி. அதனால் சமையல்காரன் கோதுமை மாவை ஆடு வடிவத்தில் பிடித்து, கொம்பு வைத்து, கண்ணுக்கு இரண்டு மிளகு வைத்துக் கொண்டுவந்தான். பாவ் கொம்பிலிருந்து ஆரம்பித்தான். தின்றான், வாந்தி எடுத்தான், மறுபடி தின்றான். பிறகு ரொட்டிகளைச் சட்டைக் கைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தான்.

"எனக்குப் போதும். ரகசியம் மறந்துபோச்சு. நான் வீட்டுக்குப் போறேன்."

கூட வந்த சிப்பாய் குதிரையின் சேணத்தை இறுக்கிக்கொண்டிருந்தான். "ஐயா, நீங்க ரகசியம்னு சொல்லிட்டீங்க. இனிமே நீங்க மனுஷன் இல்லை, தபால். திரும்பினீங்கன்னா என் தலை போகும். பேசாம ஏறி உட்காருங்க."

லுவோயாங் வரைக்கும் ஒவ்வொரு சத்திரத்திலும் ரொட்டி வந்தது. ஒவ்வொரு சத்திரத்திலும் ஒன்றைக் கைக்குள் செருகினான். உள்ளே இருந்தவை பச்சை பிடித்துக்கொண்டே போயின.

தலைநகரில் விசாரித்தவர் மிகவும் மென்மையான மனிதர். பாவை அவர் தம்பி என்றே கூப்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து புளிக்காடி நாற்றம் வந்தது. மூக்கு வழியாக அதை ஊற்றுவார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டான். யாரோ சிரிப்பது போலவும் கேட்டது.

"பேரை மட்டும் சொல்லுங்க தம்பி. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

"மறந்துபோச்சுங்க."

"பரவாயில்லை. வழியில நல்லா சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேங்க."

"ஐந்தாம் தரச் சாப்பாடு. அதைச் சாப்பிட்டுட்டு மறந்துபோச்சுன்னு சொல்றவங்களுக்கு ஞாபகப்படுத்தறதுக்குப் பக்கத்து அறையில ஆள் வச்சிருக்கோம்."

பாவ் பெரிய யோக்கியன் இல்லை. மாவட்ட அதிகாரியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த ஆளுக்குக் கிழட்டுத் தாய் ஒருத்தி இருந்தாள். குதிரை ஏறும்போது அவள் பாவுக்கு ஒரு கம்பளி கொடுத்திருந்தாள். பதினாறாமவன் பெயரும் வந்தது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். பாவ் அந்த ஊரில் தெரிந்த ஒவ்வொரு பெயராக எடுத்துப் பார்த்தான். எல்லாப் பெயருக்கும் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து மரப்பட்டைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். யாருமே உட்கார்ந்திராத பெயர் ஒன்றே ஒன்றுதான் அவனிடம் இருந்தது.

"ஷென் பதினேழு" என்றான். "நாணல்துறை ஷென் பதினேழு."

"என்ன செய்தான்?"

பேரரசி தன் அறிஞர்களை வைத்து உண்டாக்கிய புதிய எழுத்துகள் அப்போதுதான் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தன. "பேரரசியோட புது எழுத்தைப் பார்த்துட்டு, கோழி கிளறின மாதிரி இருக்குன்னு சிரிச்சான் ஐயா."

விசாரித்தவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நல்லா ஞாபகம் வந்திருக்கு பாருங்க" என்றார்.

இரண்டு காவலர்கள் பாவோடு நாணல்துறைக்கு வந்தார்கள். பாவ் வழியெல்லாம் சீட்டியடித்தான். ஷென் வம்சத்தில் பதினாறு பேர். எண்ணிப் பார்ப்பார்கள். பதினேழாமவன் இருக்க மாட்டான். தவறான தகவல் என்று திரும்பிப் போவார்கள். பொய் சொன்னவனுக்குத்தான் தண்டனை கிடையாதே. கடைசிச் சத்திரத்தில் புதிய ரொட்டியாகக் கேட்டு வாங்கி ஒரு பை நிறைய வைத்துக்கொண்டான்.

துறைக்கரையில் பதினாறு பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். பாவ் குதிரையை விட்டு இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து அவன் பார்க்காத காட்சி அது. ஷென் வம்சம் முழுக்க அவன் முன்னால் நிற்கிறது, அவன் உட்கார்ந்திருக்கிறான். பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

"இதுல பதினேழாமவன் யாரு?" என்று கேட்டான் தலைமைக் காவலன்.

"எங்க வம்சத்துல பதினாறுதாங்க" என்றான் மூன்றாமவன்.

"நான் எத்தனை பேருன்னு கேக்கலை. பதினேழாமவன் யாருன்னு கேட்டேன்."

"பதினேழு இல்லைங்களே."

"லுவோயாங்ல இருக்குன்னு சொல்லியிருக்காங்க. லுவோயாங் தப்புன்னு சொல்றியா?" காவலன் வரிசையைப் பார்த்தான். கோபப்படக்கூட இல்லை. "நாங்க ஒருத்தனைக் கொண்டுபோகணும். யாருன்னு தெரியலைன்னா பதினாறு பேரையும் கொண்டுபோறோம். அங்கே பிரிச்சுக்குவாங்க. கட்டு."

கயிறு வந்தது. முதலில் ஏழாமவனைக் கட்டினார்கள். உடைந்த கை கோணலாகக் கூடியிருந்ததால் மற்றக் கையோடு சேரவில்லை. காவலன் அதை நேராக்கப் பார்த்தான். ஏழாமவன் போட்ட சத்தத்தில் பாவின் சிரிப்பு நின்றது. பதினாறாமவன் கால்வழியே மூத்திரம் இறங்கியது.

அப்போது பெரியவர் வாயைத் திறந்தார்.

"பதினேழா? அதோ, குதிரை மேல உட்கார்ந்திருக்கானே."

காவலர்கள் திரும்பினார்கள். பிறகு எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தது.

"ஆமாங்க, அவன்தான் பதினேழு."

"எங்க வீட்டு மாப்பிள்ளைங்க. வீட்டோட மாப்பிள்ளைன்னா மகன் மாதிரிதானே."

"எப்பவும் பதினேழுன்னுதான் கூப்பிடுவோம். தொட்டின்னு எல்லாம் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை."

"தம்பி பதினேழு" என்றான் பதினாறாமவன், நனைந்த கால்களோடு. "இறங்கி வாடா."

பாவின் முகத்தைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். முதலில் அந்த முகத்தில் வந்தது பயம் இல்லை. கண் விரிந்தது, காது வரை வாய் போயிற்று. பதினாறு பேர், அரசாங்கத்தின் முன்னால், சத்தமாக, அவனை எண்ணியிருக்கிறார்கள். அது ஒரு கண் சிமிட்டும் நேரம். காவலன் வந்து காலைப் பிடித்து இழுத்தபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது.

லிங் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். தலையில் துக்கத்துக்குக் கட்டும் வெள்ளைத்துணி கட்டியிருந்தாள். பாவ் கட்டுப்பட்ட கைகளால் ரொட்டிப் பையை நீட்டினான்.

"குட்டிமீனுக்கு" என்றான்.

லிங் வந்து பையை வாங்கினாள். துறையின் கடைசிப் படிவரை நடந்துபோய் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். ரொட்டிகள் மிதந்தன. கொழுத்த கெண்டைகள் வந்து, அவசரமே இல்லாமல், எள்ளை முதலில் பொறுக்கித் தின்றன.

"கீரை பார்க்கப் போனியே, கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

வெள்ளைத்துணி யாருக்காக என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

லுவோயாங் நீதிமன்றம் திண்டாடியது அதற்குப் பிறகுதான். சட்டம் தெளிவாக இருந்தது. ரகசியம் சொன்னவன் பொய்யே சொன்னாலும் தண்டிக்கக் கூடாது; உண்மை என்று தெரிந்தால் பட்டமும் பட்டும் கொடுக்க வேண்டும். இவன் சொன்ன ஷென் பதினேழு உண்மையிலேயே இருக்கிறான். அவன் வம்சமே சாட்சி. ஆகவே பரிசு. அந்த ஷென் பதினேழு பேரரசியின் எழுத்தைப் பார்த்துச் சிரித்தவன். ஆகவே அடி, பிறகு தென்கோடி மலைக்கு நாடுகடத்தல். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

"நான் சிரிக்கலைங்க. பொய் சொன்னேன்" என்றான் பாவ்.

"பொய் சொன்னதுக்குத் தண்டனை கிடையாது, கவலைப்படாதீங்க தம்பி" என்றார் அந்த மென்மையான மனிதர். "சிரிச்சதுக்குத்தான்."

எழுத்தர்கள் கூடிப் பேசினார்கள். ஒரே ஒரு சிக்கல்தான் அவர்களைத் தூங்கவிடவில்லை. முதலில் பட்டம் கொடுத்துவிட்டால் அவன் அதிகாரி ஆகிவிடுவான். அதிகாரியைப் பாதி அடிதான் அடிக்கலாம். அரசாங்கத்துக்கு அதில் நஷ்டம். எனவே முதலில் முழுதாக அடித்தார்கள். இடது தொடை எலும்பு வெளியே தெரிந்த பிறகு, தரையில் கிடந்தவனுக்கு ஒன்பதாம் தரத்தில் ஆகக் கடைசிப் பட்டத்தை உரக்க வாசித்துக் கொடுத்தார்கள். பட்டுத்துணி ஒரு சுருள் வந்தது. சிறைக்காவலன் ஒருவன் அதையே கிழித்துக் காலில் சுற்றினான். நாட்டிலேயே விலை உயர்ந்த கட்டு.

தென்கோடி மலையில் அவன் கிடந்த கதைக்குச் சுவை கிடையாது. காய்ச்சல், அட்டை, சுண்ணாம்புச் சூளை. பேரரசிக்கு ஆண்டின் பெயரை மாற்றும் பழக்கம் இருந்தது. மனசு மாறும்போதெல்லாம் ஆண்டுக்குப் புதுப் பெயர் வைப்பாள். வைத்ததும் கைதிகளுக்கு மன்னிப்பு. திருடன் போனான், அண்ணனைக் கொன்றவன் போனான். ஒவ்வொரு மன்னிப்பின் கடைசி வரியிலும் ரகசியப் பெட்டிக் குற்றவாளிகள் நீங்கலாக என்று இருந்தது. மீன் பிடிக்கத் தடை கூட நடுவில் நீங்கிவிட்டது. பாவுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

கடைசியில் பேரரசிக்கும் வயதாயிற்று. அரியணையிலிருந்து இறக்கினார்கள், சில மாதங்களில் போய்ச் சேர்ந்தாள். பழைய வம்சத்தின் பெயர் திரும்பி வந்தது. அவளுடைய புது எழுத்துகளை யாரும் எழுதக் கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. எழுத்தே இல்லாதபோது அதைப் பார்த்துச் சிரித்தவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாவை விரட்டிவிட்டார்கள்.

அவன் நொண்டிக்கொண்டு நாணல்துறைக்கு வந்தபோது லிங்குக்கு வேறு புருஷன் இருந்தான். இவனும் வீட்டோடு மாப்பிள்ளைதான். பானை ஒட்டும் வேலை, வாய் திறக்காத மனிதன். ஆனால் இவனுக்கு எண் இருந்தது. திரும்ப எப்போது யார் வந்து எண்ணுவார்களோ என்ற பயத்தில் அவன் வீட்டில் காலெடுத்து வைத்த நாளே ஷென் வம்சம் அவனைப் பதினெட்டு ஆக்கிவிட்டது. பதினேழு அரசாங்கக் கணக்கில் ஏறிய எண். அதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. பெரியவரும் அதற்குள் இறந்திருந்தார்.

அந்தப் புதுவருஷத்தில் பாவ் கூடத்துக்குள் நுழைந்தான். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஒன்பதாம் தர அதிகாரியை எப்படித் தடுப்பது? ஜாடிக்குப் பக்கத்தில் அவன் நிற்கவில்லை. பதினெட்டாமவனுக்கும் பதினாறாமவனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, கட்டைபோல நீண்ட காலைப் பதினாறாமவன் மடிமேல் போட்டுக்கொண்டான். கிண்ணம் பதினெட்டிலிருந்து அவனிடம் வந்தது. அவன் குடித்தான். பதினாறாமவனுக்குக் கொடுக்காமல் மறுபடி நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினார்கள்.

இப்போது அவன் துறையில் படகு தள்ளுகிறான். கரைக்குடிசையில் தனியாக இருக்கிறான். மீனை முள்ளோடு தின்கிறான். லிங் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் அவன் படகில் ஏற மாட்டாள். ஆழம் குறைந்த இடம் பார்த்து நடந்தே கடப்பாள். அவனும் அவள் கடந்து முடியும்வரை படகை நகர்த்த மாட்டான்.

இவ்வளவையும் எழுதியவன், ஒரு மத்தியானம், படகில் உட்கார்ந்து பாவுக்கே வாசித்துக் காட்டினான். வேறு யாரும் அதை வாசிக்க முடியாது. பேரரசியின் எழுத்தைப் பாதி கற்றபோது அது போய்விட்டது, பழைய எழுத்தைப் பாதி கற்றபோது வாத்தியார் நாற்காலியில் நண்டு விட்டதற்காக இவனைத் துரத்திவிட்டார்கள். தாளில் இரண்டும் கலந்து கிடந்தன.

ஏப்பம் வந்த இடத்தில் பாவ் தலையாட்டினான். பன்றித்தொட்டி வந்தபோது சிரித்தான். குட்டிமீன் வந்தபோது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். துறைக்கரை வந்தபோது கழியை ஊன்றிப் படகை நிறுத்தினான்.

"நில்லு. அதைத் திரும்பப் படி."

"அப்போது பெரியவர் வாயைத் திறந்தார்."

"பெரியவரா?"

"ஆமா பெரியப்பா, அவர்தான்."

"டேய் ஒன்பது" என்றான் பாவ். எழுதியவன் ஷென் வம்சத்தின் அடுத்த தலைமுறையில் ஒன்பதாமவன். லிங்குக்கும் பதினெட்டாமவனுக்கும் பிறந்தவன். "பதினேழுங்கற பேரை நான் ஜென்மத்துல ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொல்லியிருக்கேன். மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சு, இறால் கூடு முடைஞ்சுக்கிட்டிருந்தா. நீயே முன்னாடி எழுதி வச்சிருக்கே. அப்புறம் பெரியவருக்கு அது எப்படிடா தெரிஞ்சுது?"

ஒன்பது தாளைப் பார்த்தான்.

"உங்கம்மா வாயில இருந்ததைப் பிடுங்கி அந்தக் கிழவன் வாயில வச்சிருக்கே. செத்தவன் வந்து கேக்க மாட்டான்னு தைரியம்."

"அம்மாதான்னு எழுதினா, படிக்கறவங்க அம்மாவை..."

"அதை எவன் படிக்கப் போறான், உன் கோழிக்கிளறலை?" பாவ் கழியைத் தண்ணீரிலிருந்து பிடுங்கினான். படகு நகர்ந்தது. "அழிச்சுட்டுச் சரியா எழுது. அவதான் சொன்னா. கையை நீட்டிக் காட்டினா. மத்தவங்க எல்லாம் அவளைப் பார்த்துக் கத்தினாங்க. அந்த வீட்டுல அதுக்கு முன்னாடியும் என்னைப் பதினேழா நினைச்சவ அவ ஒருத்திதான், அதை எதுக்குக் கிழவனுக்குத் தூக்கிக் குடுக்கறே?"

ஒன்பது தலையைக் குனிந்து, அழிக்க வேண்டிய வரியைத் தேடுவது போலத் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"அழறதுன்னா தாளைத் தள்ளி வச்சுட்டு அழு" என்றான் பாவ், திரும்பிப் பார்க்காமலே. "மை கரையுது."